தாழம்பாயில் இருந்த மணல்

பெரியப்பாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறார்கள். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, நாலு படம், இரண்டு தேவாரம் எல்லாம் சேர்த்து அச்சடித்து, அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களின் கையில் சாப்பாட்டோடு கொடுத்துவிடுகிற அந்தச் சின்னப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். அதில் ஒரு பக்கம் நான் எழுத வேண்டுமாம். பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, தொலைபேசியில் கேட்டான்.

“எங்களுக்குள்ளை நீதானே எழுதிறனீ. அப்பா அந்தத் தீவு மனிசியை மேடையில ஏத்தின கதையை எழுது. படமும் கிடக்கு. நல்லா இருக்கும்.”

படத்தையும் உடனே அனுப்பிவிட்டான். பெரியப்பா ஒலிவாங்கியைப் பிடித்தபடி நிற்கிறார். பக்கத்தில் எங்கள் அம்மாவின் சிவப்புச் சேலையில் தீவு அன்ரி. பின்னால் சுவரில் ஒரு பாய் தொங்குகிறது. பார்த்ததும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த அருவருப்புப் போகவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்தான்.

ஒஸ்லோவின் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்கள் தலையிலும் இப்போது ஒன்றிரண்டு நரை தட்டியிருக்கும். அன்றைக்கு நீங்களும் அந்த மண்டபத்தில் இருந்தீர்கள். றோல்ஸ் தின்றீர்கள். அந்தப் பாயில் உங்கள் சப்பாத்தும் பட்டிருக்கும். குழந்தைகள்தானே, உங்களை ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்களைத்தான் சொல்கிறேன்.

சமாதானப் பேச்சு நடந்த காலம் அது. நோர்வேக்காரர் எங்கள் ஊருக்கும் கொழும்புக்கும் பறந்து திரிந்தார்கள். ஒஸ்லோவின் ஓரத்து ஹொல்ம்லியாவில் எங்கள் அடுக்குமாடிப் புளொக்கில் எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் ஆண்கள் வட்டமாக இருந்து நாடு பிரித்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஊற்றிக் கொடுத்தே அம்மாக்களுக்குக் கை ஓய்ந்துபோனது.

அந்த மாரிக் குளிரில்தான் நோர்வேப் பள்ளியில் எங்கள் வகுப்பாசிரியை ஆளுக்கொரு நாடு பற்றி எழுதச் சொன்னார். ஒரு கம்பளித் தொப்பிக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். பக்கத்தில் இருந்தவளுக்கு இத்தாலி. முன்வாங்குக்காரனுக்கு பிரேசில். எனக்குத் துவாலு. சுவரிலிருந்த உலகப் படத்தில் ஆசிரியை விரலை வைத்து நீலத்துக்குள் அங்குமிங்கும் தேடினார். கடைசியில் ஈ எச்சமிட்டது போல ஒன்பது புள்ளிகளைக் கண்டுபிடித்தார். வகுப்பே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே அழுதேன்.

“உதுக்குப் போய் அழுவினமோ?” என்றார் அம்மா. “எங்கட வேலையிடத்துக் குசினியில நிக்கிற அன்ரி அந்த ஊர்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன். உனக்குத் தேவையானதெல்லாம் கேள்.”

அம்மா முதியோர் இல்லமொன்றில் உதவியாளராக இருந்தார். தீவு அன்ரி அதே இடத்தில் சமையலறையில் வேலை. கப்பல் இயந்திரப் பொறுப்பாளரான ஒரு நோர்வேக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். அவர் பாதி வருடம் கடலில், அன்ரி முழு வருடமும் ஒஸ்லோவில்.

ஞாயிறு வந்தார். அகலமான உடம்பு, அகலமான சிரிப்பு, தலைமுடியில் எங்கள் வீட்டு மணமான தேங்காயெண்ணெய் மணம். கையில் பெரிய சுருளொன்று, படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டியிருந்தது. வந்ததும் வராததுமாகக் குசினியில் அம்மா தேங்காய் துருவுவதைக் கண்டார். அம்மாவை எழுப்பிவிட்டுத் தானே திருவலையில் காலை மடக்கி உட்கார்ந்து, வெள்ளை மட்டும் விழ, சிரட்டையைத் தொடாமல் துருவினார். அம்மா வாயைப் பிளந்தபடி நின்றார். புட்டும் சொதியும் சாப்பிட்ட பிறகு என் பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். அவரும் நானும் நோர்வேஜிய மொழியில் கதைத்ததைத்தான் இங்கே தமிழில் தருகிறேன்.

தீவு எவ்வளவு அகலம் என்று கேட்டேன். “எங்கள் வீட்டு முன்கதவில் நின்றால் பெருங்கடல் கேட்கும். பின்கதவில் நின்றால் உள்கடல் தெரியும். அவ்வளவுதான்” என்றார். மலை இல்லை, ஆறு இல்லை. மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்க வேண்டும். தலைநகரின் நடுவே விமான ஓடுபாதை. விமானம் வராத நேரம் பிள்ளைகள் அதில் பந்தடிப்பார்கள், பெரியவர்கள் காற்று வாங்கப் படுப்பார்கள். விமானம் வருகிறதென்றால் சங்கு ஊதும், எல்லோரும் பன்றிகளையும் கூட்டிக்கொண்டு எழும்பி ஓட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அன்ரி வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஓடுபாதையைப் போட்டது இரண்டாம் உலக யுத்தக் காலத்து அமெரிக்கர்களாம். தீவின் மண்ணையே தோண்டி எடுத்துப் போட்டார்களாம். தோண்டிய குழிகளை மூடாமல் போய்விட்டார்கள். அவற்றில் உப்புத் தண்ணீரும் ஊர்க் குப்பையும் நாறிக்கொண்டு கிடக்க, கரையில் சனங்கள் வீடு கட்டி இருந்தார்கள். வேறு எங்கே போவது?

இன்னொரு வகைக் குழியும் இருந்தது. நல்ல தண்ணீர் ஊறும் ஆழத்துக்குத் தோண்டி, இலை தழையை வருடக்கணக்காகப் போட்டு உக்கவைத்து, அதில் சேம்பு மாதிரி ஒரு பெரிய கிழங்கு நடுவார்கள். அது குடும்பச் சொத்து. அன்ரியின் அம்மா வளர்த்த கிழங்கு ஒரு வருடம் உள்ளே மஞ்சளாகிக் குழைந்துபோனது. கடல் மேலால் வரவில்லை, அடியால் வந்தது. “நிலத்துக்குக் கீழிருந்து உப்பு வந்தது. அம்மா குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைக் கையில் தொட்டு நக்கிப் பார்த்தார்” என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

பிறகு சுருளை அவிழ்த்தார். தாழை ஓலையில் இழைத்த பாய். கரையில் கறுப்பும் சிவப்புமாகப் பின்னல். வெயிலில் காய்ந்த வைக்கோலும் கொஞ்சம் புகையும் கலந்த வாசம் எங்கள் இருப்பறையை நிறைத்தது. அம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எங்கள் பனையோலைப் பாயைவிட எவ்வளவோ மெல்லியது, துணி மாதிரி மடங்கியது. அன்ரியின் அம்மா சாகுமுன் கடைசியாக இழைத்ததாம்.

“நான் செத்தால் என்னை இதில் சுற்ற வேண்டும். கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்” என்றார்.

விரித்தபோது நிலத்தில் கொஞ்சம் வெள்ளை மணல் உதிர்ந்தது. அம்மா பழக்கதோஷத்தில் தூசுறிஞ்சியை எடுக்க எழும்பினார். அன்ரி இரண்டு கையாலும் தடுத்தார். விரல்நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஒவ்வொரு மணியாக ஒற்றியெடுத்துப் பாயின் பின்னலுக்குள் திரும்பத் தட்டினார். அவருடைய அம்மா வீட்டு நிலத்து மணல் அது. அந்தப் பாயை நோர்வேக்கு வந்த நாளிலிருந்து அவர் உதறியதே இல்லை. அம்மா தூசுறிஞ்சியின் வயரைச் சத்தமில்லாமல் சுற்றி உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. என் பள்ளிக் கட்டுரைக்கு இது போதும். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்துசேர்ந்தார்.

பெரியப்பா லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு வாங்கியவர், தமிழ்ப்பள்ளி நிர்வாகத்தின் தலைவர், பேச்சுப் போட்டிகளில் எங்களுக்குப் பேச்சு எழுதித் தருகிறவர். “அவையோர்களே” என்று தொடங்கிக் கையை நீட்டச் சொல்லித் தந்தது ஞாபகமிருக்கிறதா? அதே ஆள்தான். அவர் வீட்டு இருப்பறையில் கண்ணாடி அலுமாரி ஒன்று. கேடயங்களுக்கு நடுவே ஒரு பழைய பால்மாத் தகர ரின். அதற்குள் அவர் பிறந்த வீட்டு வளவின் மண். ஊரைவிட்டு ஓடி வரும்போது சட்டைப்பையில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தாராம். ஒருநாள் என் அண்ணன் அந்த ரின்னை எடுத்துக் குலுக்கிப் பார்த்தான் என்று பெரியப்பா கன்னம் வீங்க அறைந்ததை நான் கண்ணால் கண்டவள். “அது உனக்கு விளையாட்டுச் சாமானோ? அது என்ரை தாய்!” என்று கத்தினார்.

பெரியப்பா அன்ரியைக் கண்டதும் முதலில் கேட்டது சனத்தொகை. பத்தாயிரம் பேரளவில் என்று நான் மொழிபெயர்த்தேன்.

“பத்தாயிரம்? பத்தாயிரம் சனத்துக்கு ஒரு நாடோ? எங்கட சனம் நோர்வேயிலயே அவ்வளவு இருக்கும்!”

அரசாங்கம் எப்படி என்று கேட்டார். பதினைந்து பேர் கொண்ட பாராளுமன்றம், கட்சி கிடையாது, மேலே பெயருக்கு இங்கிலாந்து ராணி. ஆனால் ஊர் விஷயம் எல்லாம் பெரியவர்கள் பொதுமண்டபத்தில் பாய் விரித்திருந்து பேசித் தீர்ப்பது. வருமானம்? வெளிநாட்டுக் கப்பல்கள் மீன் பிடிக்கக் கட்டுகிற உரிமப் பணம், கப்பலில் வேலை செய்யும் ஆண்கள் அனுப்புகிற காசு, தபால்தலை, காய்ந்த தேங்காய்க் கொப்பரா. பிறகு இணைய முகவரியில் அந்த நாட்டுக்கென்று கிடைத்த ‘.tv’ என்ற இரண்டு எழுத்துகள் தொலைக்காட்சிக்காரருக்குத் தோதாக அமைந்துவிட, அதை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து வந்த பணம். அந்தப் பணத்தில்தான் ஐக்கிய நாடுகள் சபையில் போய்ச் சேர்ந்தார்கள் என்று அன்ரி சொன்னார்.

பெரியப்பா தொடையில் அடித்தார். “பாத்தியே! ரெண்டு எழுத்தை வித்து ஐ.நா.வில கதிரை போட்டிட்டினம். நாங்கள் இஞ்சை ரெண்டாயிரம் வருசத்து இலக்கியத்தை வைச்சுக்கொண்டு மற்றவன்ரை நாட்டில வாடகைக்கு இருக்கிறம்!”

அவருக்குப் பொறாமை. அப்பட்டமான பொறாமை. இன்று நினைத்தால் அதில் ஒரு நியாயமும் தெரிகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்ரி உப்பேறிய குழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவர் கவனம் கலைந்துவிட்டது. “கொடி என்ன நிறம் எண்டு கேள்” என்றார்.

அடுத்த ஞாயிறு அண்ணனையும் என்னையும் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனார். ஒரு நோர்வேக்காரர் மரத்தெப்பமொன்றில் பசிபிக்கைக் கடந்தார், அந்தத் தீவுகளுக்குத் தென்னமெரிக்காவிலிருந்து சனம் போயிருக்கும் என்று காட்டுவதற்காக. அந்தத் தெப்பம் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. பெரியப்பா அதைச் சுற்றி வந்தார். கயிற்றுக் கட்டை முகர்ந்துகூடப் பார்த்தார். வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் முகம் சிவந்திருந்தது, குளிரினால் மட்டுமல்ல.

“ஒரு நோர்வேக்காரன் சொன்னா உலகம் காது குடுத்துக் கேக்குது. ஏன், நாங்கள் சொல்லக்கூடாதோ? தேங்காய் துருவுது அந்த மனிசி. பாய் இழைக்குது. தென்னையில கள்ளுச் சீவுகினமாம். கள்ளுச் சீவிற சனம் தமிழனில்லாமல் வேறை ஆர்? கடல் கொண்ட எங்கட தென்னாட்டில இருந்து மிதந்து போன சனமடா அது!”

அண்ணன், “அப்ப பன்றி வளக்கினமே அப்பா, நாங்கள் வளக்கிறேல்லையே?” என்றான். “பொத்தடா வாயை” என்றார் பெரியப்பா.

இப்படித்தான் தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவில் ‘தென்கடல் தமிழ்ச் சகோதரிக்கு வரவேற்பு’ என்றொரு நிகழ்ச்சி முளைத்தது. அன்ரியை அழைக்க அம்மாவைத் தூதாக அனுப்பினார்கள். அம்மாவுக்கு விருப்பமில்லை, ஆனால் அப்பாவின் மூத்த அண்ணனிடம் மறுத்துப் பேசிப் பழக்கமும் இல்லை. அன்ரி மகிழ்ச்சியாகச் சம்மதித்தார். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். இவ்வளவு பேர் கூடுகிற இடத்தில் தன் தீவின் நிலத்துக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒஸ்லோவில் அதைக் கேட்க ஒருவரும் கூடி இருந்ததில்லை. பாயையும் பெரியப்பா கேட்டார், சுவரில் தொங்கவிட.

“கவனமாக வைத்திருப்பீர்களா?” என்று அன்ரி கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன்.

“என்ரை தாயை மாதிரி வைச்சிருப்பன் எண்டு சொல்லு” என்றார் பெரியப்பா. அதையும் நான்தான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

விழா நாள். வாடகைக்கு எடுத்த பள்ளியின் உடற்பயிற்சி மண்டபம், பழைய வியர்வையும் புது மல்லிகைச் செண்டும் கலந்த நாற்றம். சுவரோடு பொருத்திய மரச்சட்டங்களில் பாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அன்ரி தன்னுடைய பூப்போட்ட நீள உடுப்போடும் தலையில் கடதாசிப் பூ முடியோடும் வந்தார். நிர்வாகப் பெண்கள் அவரை உடைமாற்றும் அறைக்குள் கூட்டிப்போய் அம்மாவின் சிவப்புச் சேலையைச் சுற்றி, பொட்டும் வைத்து, பூ முடியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டார்கள். அந்தப் பூ முடி பிறகு கிடைக்கவில்லை.

மேடையில் அன்ரி கிழங்குக் குழியைப் பற்றிச் சொன்னார். அடியால் வருகிற உப்பைச் சொன்னார். முழுநிலவுக்குக் கடல் ஏறும்போது வீட்டு முற்றத்தில் நிலத்துக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளிக்கும் என்றார். “எங்களுக்குக் கொடி இருக்கிறது, பாராளுமன்றம் இருக்கிறது. நிலம்தான் இல்லாமல் போகிறது” என்றார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் பெரியப்பா ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“கேட்டீர்களா அவையோர்களே! எங்கள் தாயகத்தைக் கடல் கொண்டது போலவே இந்தச் சகோதரியின் தீவையும் கடல் கொள்கிறது. இரத்தம் இரத்தத்தை அறியும்!” கைதட்டல். அன்ரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் நிலத்துக்காகத்தான் கைதட்டுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார், கண்ணில் தண்ணீரோடு. அந்தக் கணத்தைத்தான் படம் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்தது பரிசளிப்பு. பதாகை கட்ட அந்தச் சுவர் வேண்டியிருந்தது, பாயைக் கழற்றினார்கள். வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்த பின்நேரம். வீதிக்குக் கொட்டும் உப்பும் சரளைக் கல்லும் எல்லோர் சப்பாத்திலும் ஒட்டி வந்து, வாசலில் கறுப்புக் குழம்பாகத் தேங்கி நின்றது. வயசான பாட்டா ஒருவர் வழுக்கி விழப் பார்த்தார். பெரியப்பா மேடை ஓரத்தில் நின்றபடியே கையைக் காட்டினார்.

“வழுக்குது, வழுக்குது. அந்தப் பாயை எடுத்து வாசலில விரியுங்கோ!”

விரித்தார்கள். பெரியவர்கள்தான் விரித்தார்கள், நன்றாக இழுத்துச் சமன் செய்து. அதன்மேல் ஒரு மண்டபச் சனம் சப்பாத்துத் தேய்த்தது. புகைக்கப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும் தேய்த்தார்கள். யாரோ றோல்ஸ் தட்டைக் கவிழ்த்தார்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் எண்ணெயும் சேற்றோடு சேர்ந்து மிதிபட்டன. சீ!

சேலையை மாற்றிக்கொண்டு தன் உடுப்பில் வெளியே வந்த அன்ரி அதைக் கண்டார். நேரே போய் வாசலில் முழங்காலிட்டார். வந்து போகிறவர்கள் அவரைச் சுற்றி நடந்தார்கள். விரல்நுனியை நாக்கில் தொட்டு, பாயின் பின்னலில் ஒற்றி ஒற்றி எடுத்தார். சாம்பல் கல் ஒரு பக்கம். வெள்ளை மணல் உள்ளங்கையில். நாக்கில் பட்ட உப்புக்கு முகம் சுழித்தார், ஆனாலும் நிறுத்தவில்லை. அம்மா ஓடிவந்து பக்கத்தில் இருந்தார், நானும் இருந்தேன். வெள்ளை மணி எத்தனையோ தெரியாது, மிகக் கொஞ்சம். உள்ளே மேடையில் ஒரு பிள்ளை முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன இது, தங்கச்சி? பாய்தானே. தமிழ்க் கடையில நல்ல பிளாஸ்ரிக் பாய் கிடக்கு, நாளைக்கே வாங்கிக் குடுப்பம். சனம் பாக்குது, எழும்பச் சொல்லு.”

“அத்தான்,” என்றார் அம்மா. அவரிடம் அம்மா எதிர்த்து ஒன்றும் சொல்லி நான் கேட்டதில்லை. “உதுக்குள்ளை மண் இருந்தது.”

“மண்ணோ? வாசலில கிடக்கிறது பின்னை மண்தானே” என்று சொல்லிவிட்டு அவர் பரிசளிப்புக்குப் போய்விட்டார்.

சொன்ன சொல் தவறாமல் மறுநாளே பிளாஸ்ரிக் பாய் வாங்கிக் கொடுத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். மயில் படம் போட்டது. ஒரு கிழமை கழித்து அம்மாவோடு அன்ரி வீட்டுக்குப் போனபோது அது கதவுக்கு வெளியே, சப்பாத்துத் துடைக்கக் கிடந்தது. தாழம்பாயைக் குளிக்கிற தொட்டியில் கழுவிக் காயப்போட்டிருந்தார். சிவப்புக் கரை சாயம் போய், ஓலை வெடித்து, ஈர நாய் போல மணத்தது. ஒரு சின்ன மருந்துப் போத்தலுக்குள் அந்த மணல். போத்தலின் அடிகூட மூடவில்லை. அன்ரி எங்களுக்குத் தேநீர் தந்தார், குளிரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கதைத்தார். அடுத்த வருடம் கணவரோடு வடக்கே துரொண்ட்ஹெய்முக்கு மாறிப் போனார். என் கட்டுரைக்கு ஆசிரியை நல்ல புள்ளி போட்டார்.

போன மாதம் பெரியப்பாவின் தகனம். மண்டபம் நிறையச் சனம். அண்ணன் அந்தப் பால்மா ரின்னை வெள்ளைத் துணியில் வைத்துக் கொண்டுவந்தான். பிறந்த மண்ணைத் தன் நெஞ்சில் தூவித்தான் அனுப்ப வேண்டும் என்பது பெரியப்பாவின் கடைசி விருப்பம். ரின் கை மாறிக் கை மாறி வந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள், விம்மினார்கள். அண்ணனின் சின்ன மகள் வாங்கும்போது கை தவறிவிட்டது. செம்மண் கம்பளத்தில் சிதறியது.

ஐயோ என்று ஒரு குரல். அங்கே வேலை செய்கிற நோர்வேப் பெண் பாவம், உதவி செய்ய நினைத்துத் தூசுறிஞ்சியை உருட்டிக்கொண்டு வந்தார். “வேண்டாம்! வேண்டாம்!” என்று எல்லோரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். கோட்டும் சூட்டும் போட்ட ஆண்கள், பட்டுச்சேலைப் பெண்கள், அன்று வாசலில் பாயை இழுத்து விரித்தவர்கள் உட்பட, எல்லோரும் முழங்காலில் விழுந்தார்கள். விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு மணியாக ஒற்றி ஒற்றி எடுத்தார்கள்.

“நீயும் குனியனடி!” என்றான் அண்ணன் கண்ணீரோடு.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். நாங்கள் இருவரும் நிமிர்ந்தே நின்றோம்.